பதினொரு நிமிடப் பாட்டு

செத்தவரைக் கடல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுகிற பாட்டின் விலை ஐம்பது பவுண், அதுவும் சூப்பர்மார்க்கெற் வவுச்சராக. பல்கலைக்கழகம் முதலில் இருபதுதான் சொன்னது. ஐம்பதுக்கு ஏற்றியவள் தவநாயகி. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருபத்திரண்டு வருடம் சீலை விற்றவளுக்கு அது பெரிய வேலையில்லை.

இப்போது அந்தப் பாட்டு அவளுடைய கைப்பையில், போனுக்குள் கிடந்தது. பாடிய மனிதர், அவளுடைய கணவர் செல்வரத்தினம், நாலு முழம் தள்ளிப் பெட்டிக்குள் கிடந்தார். தகன மண்டபத்தை அரை மணித்தியாலத்துக்குத்தான் தருவார்கள். தேவாரம் முடிந்து, அவளுடைய தமையன் குலசேகரம் மைக்கைப் பிடித்திருந்தார்.

"மச்சான் மட்டக்களப்புப் பக்கத்து நல்ல குடும்பம். எங்கட ஆக்கள்தான்."

அந்தப் பொய்ச் சரக்கைத் தமையனுக்கு விற்றவளும் அவளே. செல்வரத்தினம் வாகரைக் கரையோரத்து வேடர், இலங்கையின் பழங்குடி. பழங்குடிகளிடம் ஆய்வுக்குப் போகிற பல்கலைக்கழக மாணவர்களுக்கு, அவர்களோடு எப்படிப் பழகுவது என்று மாதம் இரண்டு வியாழன் வகுப்பெடுத்தார். கடையில் கேட்டால் கொம்பியூட்டர் படிக்கப் போகிறார் என்பாள். பாட்டைப் பதிவு செய்தபோது, எங்கேயும் பெயர் வரக்கூடாது என்று விலையோடு சேர்த்துப் பேசி வென்றாள். பதிவில் பெயருக்குப் பதிலாக அவர் ஏழாம் இலக்கம் ஆனார்.

ஆஸ்பத்திரியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"இஞ்ச என்ட ஆக்கள் ஒருத்தருமில்ல, நாயகி. எனக்கு நானே பாடி வெச்சிருக்கன். அதப் போட்டு விடு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இடையில நிப்பாட்டினா, போறவன் அந்த இடத்திலயே நிக்க வேண்டியதுதான்."

"ஓம்" என்றாள்.

ஏழாம் இலக்கம் யார், எந்த இனம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் பதிவைத் தரலாம் என்றது பல்கலைக்கழகம். வைத்தாள். தாளில் எழுதுவதும் சபையில் போடுவதும் ஒன்றல்லவே.

பின்வரிசையில், அந்த வகுப்புகளை ஒழுங்குசெய்த விரிவுரையாளர் ஹெலன் வெறுங்காலோடு நின்றாள். சப்பாத்துகள் வாசலுக்கு வெளியே. போகிறவருக்கு முன்னால் காலணியோடு நிற்பதில்லை என்று செல்வரத்தினம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"உந்த வெள்ளைச்சிக்கு ஆர் சொன்னது இது கோயில் எண்டு?" என்று பாலாம்பிகை மாமி குசுகுசுத்தாள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

குலசேகரத்துக்குப் பிறகு சங்கத் தலைவர் தில்லையம்பலம் எழுந்தார். பேசட்டும் என்று தவநாயகி விட்டாள். கடை பூட்டும் நேரம்வரை பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்பது அவளுக்குப் பழகிய கணக்கு. இங்கே இறங்கியது நேரம்.

இன்னும் ஐந்து நிமிடம் என்று மண்டபத்து ஊழியர் விரல்களைக் காட்டினார். அவள் எழுந்து சப்பாத்தைக் கழற்றினாள். போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன பிள்ளை உது?" என்றார் குலசேகரம்.

"அவற்ர பாட்டு. வேடற்ர பாட்டு, அண்ணை. அவர் வேடர்."

மைக் அதை எல்லோருக்கும் சொன்னது. குலசேகரம் திரும்பினார். போய்க் கதிரையில் இருந்தார். பாலாம்பிகை மாமி தன் கால்களைப் பார்த்தாள்.

பாட்டு வீட்டுப் படலையைத் தாண்டியது. கிணற்றைத் தாண்டியது. நடுவில் அவருடைய இருமல் வந்தது. உப்புநீரில் நிற்கும் கண்ணா மரங்களைத் தாண்டி, கடலுக்கு முந்திய களப்பின் கரைக்கு வந்தபோது, ஊழியர் பக்கத்தில் வந்து நின்றார். வாசலில் அடுத்த குடும்பம் கறுப்பு உடுப்போடு காத்திருந்தது.

இன்னும் ஏழு நிமிடம் தர எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். எவ்வளவென்றாலும் தருகிறேன் என்றாள். வாழ்க்கையில் யாரிடமும் அவள் சொல்லாத சொல். மன்னிக்க வேண்டும், இது விற்கிற பொருளில்லை என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

பெட்டியைச் சுற்றித் திரை மூடத் தொடங்கியது. பாட்டை அவளே நிறுத்தினாள்.

ஹெலன் மட்டும் வெளியே போகவில்லை. தவநாயகி குளிர்ந்த தரையில் போனைப் பார்த்தபடி நின்றாள். ஓடியது நாலு நிமிடம் ஆறு செக்கன். மொத்தம் பதினொன்று. பாக்கி ஆறு நிமிடம், ஐம்பத்துநாலு செக்கன்.