மாப்பிள்ளையின் பெட்டி

செங்கோட்டையனுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். அப்படிப்பட்ட மனுஷன் ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால், மெக்கானிக்குக்கு எங்கே நிம்மதி? எழுபத்தெட்டாம் வருஷம் அது. நாமக்கல் பரமத்தி ரோட்டில் என் லாரிப் பட்டறை. அவர் எண்ணெய் மில் முதலாளி. இரண்டே பேர் உட்காரும் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது கிளட்ச் பெடல் தொளதொளவென்று கிடந்தது. கியர் போட்டால் கரகரவென்று கத்தியது.

அந்தக் காரில் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. பெடலை மிதித்தால் சிலிண்டருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் தள்ளித்தான் கிளட்ச் விலகும். அதைக் கசியாமல் பிடித்து வைக்கும் ரப்பர் வாஷர்கள் தேய்ந்து போயிருந்தன. செங்கோட்டையன் மெட்ராசில் ஆளைப் பிடித்து சீமை வாஷர் வாங்கி, கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார்.

"காளியண்ணா, கழட்டுன பழசு அத்தனையும் என்ர கைக்கு வந்திரோணும். புதுசுல ஒண்ணு மாறுனாலும் நான் கண்டுபுடிச்சிருவேன், ஆமா."

பழசை முதலாளி கையில் கொடுத்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம், அது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் இவர் கேட்ட தோரணையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வேலையைச் செய்தது மணியன். என் தங்கை அத்தாயியைக் கட்டியவன். பத்து வருஷமாக என் கூடவே இருந்தான். நான் சத்தம் போடுவேன், அவன் வேலை பார்ப்பான். பட்டறை ஓடியது அவன் கையால்தான், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் நின்றுபோன லாரியைப் பார்க்க நான் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை வாஷர்களை மாற்றி, ஆயில் ஊற்றி, பழசைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தான்.

பத்து நாள் கழித்துக் கார் வந்தது. ஓட்டி வரவில்லை, ஒரு ஜோடி மாடு இழுத்து வந்தது! மிதித்த பெடல் அடியிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வரவில்லையாம். சந்தை நடுவில் நின்றுவிட்டதாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாப்ள, சிலிண்டரைக் கழட்டுங்க" என்றேன்.

மணியன் வாஷரை வெளியே எடுத்தான். அது உப்பிப்போய், கொழகொழவென்று, தொட்டால் கையில் ஒட்டியது. செங்கோட்டையன் அதைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். பட்டறையில் இருபது லாரிக்காரர்கள் இருந்தார்கள்.

"பாத்துக்கங்கப்பா! இது நான் குடுத்த சீமைச் சரக்கா? நல்லதை எடுத்துப்போட்டு ஏதோ லொடக்குச் சரக்கை மாட்டியிருக்கானுங்க. மாட்டுனது ஆரு?"

என் புத்தி அந்த நேரத்தில் எங்கே மேயப் போனதோ! போன மாசம்தான் மணியன், "பள்ளிபாளையத்துல ஒரு எடம் காலியா இருக்குதுங்க மச்சான், சின்னதா ஒரு பட்டறை போடலாமுன்னு பாக்கறேன்" என்று சொல்லியிருந்தான். அது வந்து மண்டையில் உட்கார்ந்துகொண்டது. தனிப் பட்டறைக்குச் சாமான் சேர்க்கிறானோ? நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மாற்றிவிட்டானோ?

"மாப்ள, உங்க பெட்டியத் திறங்க."

அவன் என்னையே பார்த்தான். "நெசமாலுமே கேக்கறீங்களா மச்சான்?"

பாழாய்ப்போன கை சும்மா இருந்ததா? நானே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, இருபது பேர் பார்க்கத் தரையில் கொட்டினேன். ஸ்பேனர்கள், பழைய பனியன், ஒரு திருநீற்றுப் பொட்டலம். வேறொன்றும் இல்லை. மணியன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

எவனாவது ஏதாவது வேலை செய்ய வேண்டுமே என்று சிலிண்டரைத் துடைக்க உட்கார்ந்தேன். கையில் பட்ட ஆயிலில் என்னவோ வாசம் அடித்தது. மூக்கருகே கொண்டுபோனேன். கடலை எண்ணெய்!

"ஏனுங்க, இதுல என்னத்தை ஊத்துனீங்க?"

"உங்க ஆயில் டின்னு ஏற்கெனவே மூடி ஒடைச்சதாம், மணியனே சொன்னான். அதுல என்ன கலந்திருக்குதோ ஆரு கண்டா? அதான் இருந்ததை வடிச்சுப்போட்டு நம்ம மில்லு எண்ணெய ஊத்துனேன். துளி கலப்படம் கெடையாது!" சொல்லும்போது மனுஷன் முகத்தில் பெருமை வேறு.

"முறுக்கா சுடறீங்க? கடலெண்ணெய் பட்டா அந்த ரப்பர் ஊறிப்போயிருமுங்க! அதே சீமை வாஷர்தானுங்க இது, நீங்களே கெடுத்துப்போட்டு என்ர மாப்பிள்ளையத் திருடன்னீங்களே!"

"நான் எங்கப்பா திருடன்னேன்? மாட்டுனது ஆருன்னுதான் கேட்டேன். பெட்டியக் கொட்டுனது நீயல்லோ?"

அந்த மனுஷன் வாழ்க்கையில் சொன்ன ஒரே நியாயமான பேச்சு அதுதான்.

மணியன் வீட்டுக்கு ஓடினேன். அத்தாயி வாசலிலேயே மறித்தாள். "என்னண்ணா சொன்னீங்க அவரை? வந்ததுலருந்து சோத்தைத் தொடலீங்க." உள்ளே போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். "தப்பு என்ர மேலதானுங்க மாப்ள, செருப்பால அடிங்க" என்றேன். அப்படிக் கெஞ்சியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

"அதெல்லாம் என்ன பேச்சுங்க மச்சான். நாளைக்கு வாரேன், போங்க" என்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சொன்னபடி வந்தான். எப்போதும் போல வேலை செய்தான், சிரித்தான், என்னோடு டீ குடித்தான். சாயங்காலம் கை கழுவிவிட்டுப் பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துக் காட்டினான். சட்டைப் பையையும் வெளியே இழுத்து உதறினான். லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னுங்க மாப்ள இது? வேண்டாமுங்க" என்று அவன் கையைப் பிடித்தேன்.

"இருக்கட்டுமுங்க மச்சான். நாளைக்கு ஏதாவது ஒண்ணு காணோமுன்னா, உங்களுக்கு எம்மேல சந்தேகம் வரக்கூடாதல்லோ?"

அடுத்த நாளும் காட்டினான். அதற்கடுத்த நாளும் காட்டினான்.