அரைப்பேர்

வத்தேகமவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் பின்னறையில் வாரம் ஒருநாள் மனநலக் கிளினிக் நடந்தது. எங்கோ பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் கொடுத்த பணத்தில் டாக்டர் வந்தார், மருந்து வந்தது, உட்காரக் கதிரைகள்கூட வந்தன. நோயாளிதான் வரவில்லை. கண்டி டவுனிலிருந்து பஸ் ஏறி வரும் ஆலோசகர் சுந்தரி, ஆறு மாதமாக அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கியும் பார்த்தாள். "உங்களுக்கு மன அழுத்தம் இருக்கா?" கொழும்பில் யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்த கேள்வி அது. "அதெல்லாம் இல்லீங்க மிஸ், பிரஷர் மட்டுந்தான்" என்றார்கள்.

மூக்காயி அதுகூடச் சொல்லவில்லை. மண்சரிவில் ஒரே மகளைப் பறிகொடுத்தவள். மலைக்குப் போவாள், பாதிக் கூடைக் கொழுந்தோடு இறங்குவாள், கதவடியில் உட்கார்ந்துவிடுவாள். சுந்தரி பக்கத்தில் போய் உட்காரும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல தாயி" என்பாள். சோறு இறங்குவதில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அவளை நினைத்தால் சுந்தரிக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பணம் கொடுத்த நாட்டிலிருந்து இங்கிரிட் என்ற அம்மாள் வருவதாகச் செய்தி வந்தது. ஆள் வராத கிளினிக்கை மூடிவிடுவார்களாம். மூடினால் மூக்காயி அந்தக் கதவடியிலேயே முடிந்துபோவாள். சுந்தரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோயில் ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, "நாளைக்குக் காலையில கிளினிக்ல பேர் போடுறோம், எல்லாரும் வாங்க!" என்று கூவினாள்.

மறுநாள் லயங்களே காலியாகி வந்து நின்றன. கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வரிசை பிடித்தார்கள். கடைசியில் மூக்காயியும் நின்றாள். வந்து இறங்கிய இங்கிரிட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மலையில் வேலை வாங்கும் கங்காணி காளிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "மலையில ஒரு ஆள் இல்ல! இங்க பேர் போடுறதா யார் சொன்னது?"

"நாந்தாங்க. பேரை எழுதிக்கலாம்னுதான்..."

"என்னம்மா நீங்க! தோட்டத்துல பேருன்னா ஒருநாள் சம்பளம். கொழுந்து நெறஞ்சா முழுப்பேர், கொறஞ்சா அரைப்பேர். கிளினிக்குக்கு வந்தா முழுப்பேர்னு நெனச்சில்ல வந்து நிக்கிறாங்க!"

ஆறு மாதம் வந்துபோயும் இந்தச் சின்ன விஷயம் டவுன்காரிக்குத் தெரிந்திருக்கவில்லை. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் வரிசைக்கு முன்னால் போய் உண்மையைச் சொன்னாள்.

"நல்லா ஏமாத்திப்புட்டீங்க மிஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெண்கள் கூடைகளைத் தூக்கினார்கள். மூக்காயி மட்டும் அசையவில்லை. மெல்ல நடந்துவந்து, யாரும் உட்காராத அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் போடு தாயி. சம்பளத்துக்குச் சொல்லல. மக போனதுல இருந்து நான் அரைப்பேர்தான். மீதி எங்க போச்சுன்னே தெரியல."

போகக் கிளம்பிய வேலாயி தன் கூடையை மறுபடி இறக்கினாள். "அப்படிப் பார்த்தா நானும் அரைப்பேர்தான்." அவளுக்குப் பின்னால் இன்னொரு கூடை இறங்கியது. பிறகு இன்னொன்று. ஆறு மாதமாகச் சுந்தரி தேடிய வார்த்தை இவர்கள் வாயிலேயே இருந்திருக்கிறது! காளிமுத்து தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரையும் மலைக்கு விரட்டவில்லை.

என்ன சொல்கிறார்கள் என்று இங்கிரிட் கேட்டாள். சுந்தரி தட்டுத்தடுமாறி விளக்கினாள்.

"இந்தத் தொரசாணிக்கு முழுப்பேரா? கேளு தாயி" என்றாள் மூக்காயி.

கேட்டதும் இங்கிரிட் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. விரலால் தன் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டினாள். பாதி.

"அடப் பாவமே" என்றாள் மூக்காயி. தன் பக்கத்துக் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.

கிளினிக் மூடப்படவில்லை. கொழும்புக் கேள்வியைச் சுந்தரி அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. மூக்காயி வாராவாரம் மருந்து வாங்கினாள், மகளைப் பற்றிப் பேசினாள், அழுதாள், சில நாள் வந்து சும்மா இருந்துவிட்டும் போனாள். தைப்பொங்கல் கழிந்த வாரம் சுந்தரி வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னைக்கு எப்படி? அரையா, முழுசா?"

மூக்காயி வெகுநேரம் யோசித்தாள்.

"முக்காப்பேர் போட்டுக்க தாயி."

எந்தத் தோட்டத்திலும் அப்படி ஒரு பேர் கிடையாது.