மச்சானின் தொட்டியில் தண்ணீர் தெரியவில்லை

என் மனைவி சாந்தாமணிக்கு ஒரே அண்ணன். பெயர் தனபால். எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி. அந்தப் பக்கம் எது முளைத்தாலும் இந்தப் பக்கம் என் வயிறு எரியும்.

இந்தத் தடவை முளைத்தது அசோலா. மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடும் பொடிச் செடி. சத்தியமங்கலத்தில் ஒரே ஆளிடம், ஒரே நாளில் இரண்டு பேரும் வாங்கினோம். அவர் நாலு கை. நான் சிக்கனம் பார்த்து ஒரு கை. வருகிற வெள்ளிக்கிழமை கால்நடை டாக்டர் வந்து, நல்ல தொட்டியாகப் பார்த்து மாதிரித் தொட்டி என்று பலகை வைப்பார். பலகையில் சொந்தக்காரர் பெயர் இருக்கும். ‘சுப்பண்ணன்’ என்று அதில் படித்துப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை.

சனிக்கிழமை வேலியோரம் எட்டிப் பார்த்தேன். மச்சான் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. என்னுடையதில் கால்வாசிதான் பச்சை.

“எங்கண்ணனுக்குக் கைராசிங்க,” என்றாள் சாந்தாமணி.

சோறு இறங்கவில்லை. எரிச்சலில் கணக்குப் போட்டேன். மூன்று நாளைக்கொருமுறை ரெட்டிப்பாகும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். இன்றைக்குக் கால். செவ்வாய்க்கிழமை அரை. வெள்ளிக்கிழமை முழுசு! மச்சானுடையதோ இன்றைக்கே ரொம்பியாச்சு. இனி ரெட்டிப்பாக இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெள்ளிக்கிழமைக்குள் அழுகிவிடும்.

பலகை எனக்குத்தான். சந்தோஷமாக மறுபடி எட்டிப் பார்த்தேன். மச்சான் தொட்டிக்கரையைக் கூட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார், மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிற மாதிரி. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. போனேன்.

“மச்சான், முக்கால்வாசிய அள்ளி மாட்டுக்குப் போட்டுருங்க. இல்லீன்னா அழுகிப்போயிருமுங்க.”

“ஏனுங் மாப்ள, வயித்தெரிச்சலுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா? முக்காலை அள்ளிப்போட்டா டாக்டருக்கு எதைக் காட்டறது?”

“மிச்சம் கால் இருக்குதுல்லங்க? அது செவ்வாக்கெழமை அரை, வெள்ளிக்கெழமை முழுசு.”

“அத்தனை வெரசா வளருமுன்னா உங்க தொட்டில பாதிய அள்ளுங்க. அப்புறம் நம்பறேன்.”

ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய்ப் பாதியை அள்ளி வந்து, அவர் எருமைக்கே போட்டேன். அது அசைபோட ஆரம்பித்த பிறகுதான் மிச்சக் கணக்கு மண்டைக்குள் ஏறியது. கால்வாசியில் பாதி அரைக்கால். செவ்வாய்க்கிழமை கால். வெள்ளிக்கிழமை, அரைத் தொட்டி. எருமை வாயிலிருந்து பிடுங்கவா முடியும்?

மச்சான் நம்பிவிட்டார். அங்கேயே நின்று முக்கால்வாசியை அள்ளினார்.

வெள்ளிக்கிழமை அவர் தொட்டி விளிம்புவரை பச்சை. டாக்டர் பலகையை அங்கேயே நட்டார்.

“மாப்ள சொல்லலீன்னா அத்தனையும் அழுகியிருக்குமுங்க,” என்றார் மச்சான்.

“அப்படிங்களா?” என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பலகையில் ஒரு மூலையில் என் பெயருக்கும் இடம் இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை என் தொட்டியும் ரொம்பியது. மச்சானைக் கூட்டி வந்து காட்டினேன்.

“அருமைங் மாப்ள! என்னுதை விட அருமை!” என்றார்.

பலகை கிடைத்த மனுஷனுக்குத்தான் எத்தனை தாராளம். அதற்கும் வயிறு எரிந்தது.