பின் இடது கதவு

பெரியவர் வாங்கிய கறுப்புக் கார் வருடத்துக்கு இரண்டு விரற்கடை அகலமாகிக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் அது வீட்டின் வாசல் கேட்டுக்குள் நுழையாமல் போனபோது, அவருடைய மூத்த மகன் காரைக் குறை சொல்லவில்லை. கேட்டின் இடது தூணை இடித்துச் சற்றுத் தள்ளிக் கட்டச் சொன்னார். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பிள்ளை வளர்ந்தால் சட்டையைப் பெரிதாகத் தைக்கிறோம், கார் வளர்ந்தால் கேட்டைப் பெரிதாக்குகிறார்கள் என்று எதிர்வீட்டு மளிகைக்காரர் சொன்னதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அது எப்படித் தொடங்கியது என்பதை ஒழுங்காகச் சொல்லிவைப்பது நல்லது. ஒரு குடும்பத்தின் கதையை அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதை உரக்கச் சொல்லித் திரிகிறார்கள்.

பெரியவர் மரக்கடை வைத்திருந்தவர். கொடுத்த வாக்கை மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய காரில் கடைசிவரை ஒரு கீறல்கூட விழவில்லை என்பது அந்த வீட்டின் தனிப் பெருமை. தினமும் காலையில் அதைக் கழுவினார்கள். கார்க் கதவைக் கழுவினால் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். செய்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஓட்டைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் பழுப்பாக இருந்தது. கார் நிற்கும் இடத்தின் வெள்ளைத் தரையில் கறை படிந்தது. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தக் கறையாக இருப்பதைப் பெரியவரால் பொறுக்க முடியவில்லை. ஓட்டைகளைப் பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி வைத்து அடைத்தார். அன்றோடு கறை நின்றது. கழுவுவது நிற்கவில்லை. மேலே முகம் பார்க்கலாம் போல மெருகு. உள்ளே வருடக்கணக்கில் ஊறல்.

பெரியவர் இறந்து பல வருடம் கழித்து அந்தத் தெருவுக்கு அவர் பெயரை வைக்க நகரசபை முடிவு செய்தது. பெரியவரின் மகன் மூத்தவர் அப்போது வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். தூக்கத்தில்கூட முதுகு வளையாதவர் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி பேசுவார்கள். பெயர்ப் பலகை திறக்கும் நாளில் அப்பாவின் கார்தான் முதலில் போக வேண்டும் என்றார். பின் இடது கதவில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தது. காரை மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்பாமல், ஒடுக்கெடுக்கும் டிங்கரை வீட்டுக்கு வரச் சொன்னார். கைக்கு வேகமும் வாய்க்கு அதைவிட வேகமும் உள்ள அந்த டிங்கர் துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் காரின் மேல் வைத்துக்கொண்டே வந்தார். பானட்டில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது, பின் இடது கதவில் வழுக்கி விழுந்தது.

"ஐயா, இது கதவு இல்லை, சுவரு. எங்கே தட்டினாலும் பட்டிதான் இருக்கு. தகரத்தைக் காணோம்."

சுரண்டியபோது துரு கொட்டத் தொடங்கியது. அந்த ஒரு கதவிலிருந்து வந்த துரு கதவின் எடையைத் தாண்டி, பிறகு முழுக் காரின் எடையையும் தாண்டியது. அதை வாளி வாளியாகக் கொண்டுபோய்ப் பின்கட்டு மரத்தடியில் கொட்டினார்கள். அந்த வருடம் மரம் செங்காவி நிறத்தில் துளிர்விட்டது. நிழல் எப்போதும்போலவே இருந்தது. துரு நின்ற பிறகு கதவின் உண்மையான தகடு தெரிந்தது. அது வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. ஒரு குதிகால், ஒரு பாதம், ஐந்து விரல்கள். அந்தப் புடைப்பைத் தட்டி நிமிர்த்தாமல், அதன் உயரத்துக்குக் கதவு முழுவதையும் பட்டியால் மேடாக்கியிருந்தார்கள். தொழில் தெரிந்த யாரும் செய்யாத வேலை. இரண்டு பின்கதவுகளிலும் உட்பக்கக் கைப்பிடி இல்லை.

"வெளியே இருந்து இடிச்சா தகரம் உள்ளே போகும். இது வெளியே வந்திருக்கு. உள்ளே என்னய்யா ஏத்தினீங்க?"

"மூட்டை."

"மூட்டைக்கு விரல் இருக்குமா?"

"வேலையைப் பாரு."

டிங்கர் வேலையைப் பார்த்தார். கூலி ஒழுங்காக வரும் வீட்டில் சந்தேகம் அதிகம் வராது என்பது அவருடைய அனுபவம்.

மூட்டை என்று சொல்லப்பட்டது மூத்தவரின் ஒரே தங்கை. அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்வதாக அவள் வீட்டை விட்டுப் போனாள். பெரியவர் ஆள்மேல் ஆள் அனுப்பி, வந்துவிடு, நானே முன்னின்று கல்யாணம் பண்ணிவைக்கிறேன், இது என் வாக்கு என்று சொல்லவைத்தார். ஊரே நம்பிய வாக்கை மகள் நம்பாமல் இருப்பாளா? பஸ் நிலையத்தில் வந்து நின்றாள். அவளை ஏற்றிவரப் போகும் முன் அப்பா சொன்னபடி ஸ்க்ரூடிரைவர் பிடித்துக் கைப்பிடிகளைக் கழற்றியவர் மூத்தவர். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தேக்குப் பலகைத் தடுப்பு ஏற்கெனவே இருந்தது. மரக்கடைக்காரர் வீட்டில் பலகைக்குப் பஞ்சமில்லை. கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தொலைவிலிருந்த ஒரு சித்தப்பா வீட்டுக்குப் போனது. வழியெல்லாம் கதவு உதைபட்டது. அவள் அங்கே நன்றாக இருக்கிறாள் என்று கொஞ்ச காலம் சொன்னார்கள். பிறகு, வேறு எங்கோ நன்றாக இருக்கிறாள் என்றார்கள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். கதவை ஷெட்டுக்குக் கொண்டுபோனால் புடைப்பை ஊர் பார்க்கும். அப்பாவும் மகனும் கார்க் கொட்டகையைச் சாத்திக்கொண்டு தாங்களே பட்டி பூசினார்கள். அப்போது அந்த வீட்டுக்குப் புது மருமகளாக வந்திருந்த மூத்தவரின் மனைவி அவர்களுக்கு விளக்குப் பிடித்தாள்.

டிங்கர் புடைப்பைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கினார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே பாதம் மறுபடி எழுந்திருந்தது. மறுபடி தட்டினார், மறுபடி எழுந்தது. புதுத் தகரம் வெட்டிப் பற்றவைத்தார். அது இன்னும் எளிதாகப் புடைத்தது. கார் காலியாகத்தான் நின்றது. காலையில் கழுவும் நேரத்தில் உள்ளேயிருந்து தொம், தொம் என்று சத்தம் வரும், பிறகு அடங்கும். பெயர்ப் பலகை நாள் நெருங்கியதால் பெரியவர் செய்ததையே டிங்கரும் செய்தார்: புடைப்பைச் சுற்றிப் பட்டியால் மேடாக்கினார். ஒரு பக்கம் மட்டும் பருத்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்று மூத்தவர் வலது கதவையும் அதே அளவுக்கு மேடாக்கச் சொன்னார்.

கார் அன்று முதலில் போனது. கொடுத்த வாக்கை மாற்றாதவர் என்று நகரசபைத் தலைவர் பேச்சைத் தொடங்கியபோது கார்க் கதவு தொம்மென்று அதிர்ந்தது. தலைவர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார். மறுபடி அதிர்ந்தது. பழைய வண்டி, வெயிலில் தகரம் விரிகிறது என்று மூத்தவர் பக்கத்திலிருந்தவரிடம் விளக்கினார். அவரும் ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு பட்டியைத் தாண்டியும் பாதம் எழுந்துகொண்டே இருந்ததால் வாரம் தவறாமல் டிங்கர் வந்தார், பட்டி குழைத்தார், உப்புத்தாள் தேய்த்தார், பெயிண்ட் அடித்தார், சாப்பிட்டுவிட்டுப் போனார். கார் அகலமானது அப்படித்தான். மனைவி மட்டும் சில காலைகளில் சொல்லுவாள்:

"என்னங்க, இன்னிக்கும் உதைக்குது."

"எப்பவும் வர்ற சத்தம்தானே. போய் வேலையைப் பாரு."

ஒருமுறை அவள், "அந்தக் கைப்பிடி உங்க அலமாரியிலதானே கிடக்கு? எடுத்து மாட்டிடுங்களேன். திறக்க வழி இருந்தா யாரு உதைக்கப் போறாங்க?" என்று கேட்டாள்.

"மாட்டினா, கழட்டினது தெரிஞ்சுடும்," என்றார் மூத்தவர்.

தங்கையைப் பற்றி வேறு செய்தி எதுவும் இல்லாததால் அந்தப் பாதமே செய்தியாயிற்று. முதலில் அது ஒடிசலாக இருந்தது. சில வருடங்களில் அகன்றது. பிறகு குதிகாலில் வெடிப்புகள் கோடுகோடாகத் தெரிந்தன. உங்க தங்கச்சிக்குச் செருப்பு வாங்கித்தரக்கூட ஆளில்லை போல என்று மனைவி சொன்னாள். இன்னொரு வருடம் சுண்டுவிரல் மடங்கியிருந்தது. எங்கேயோ இடிச்சுக்கிட்டிருக்கா என்றாள். மூத்தவர் செய்தித்தாளை மறுபக்கம் திருப்பினார். ஆனால் டிங்கர் வரும் நாட்களில், பட்டி பூசுவதற்கு முன் மூத்தவர் தனியாகப் போய்க் கதவருகே கொஞ்ச நேரம் நிற்பதை மளிகைக்காரர் பார்த்திருக்கிறார்.

தூணைத் தள்ளிக் கட்டிய வருடம், மழை விட்ட ஒரு காலையில் சத்தம் வரவில்லை. கதவு வழவழவென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. டிங்கர் வந்து, தடவிப் பார்த்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் திண்டாடிவிட்டுப் போனார்.

"போயிட்டா போல," என்றாள் மனைவி.

மூத்தவர் எழுந்தார். அலமாரியிலிருந்து கைப்பிடியையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தார். வருடக்கணக்கான பட்டியின் கனத்தில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திருகாணியை வைத்துத் திருகினார். அது பிடித்து நிற்க அங்கே இரும்பு இல்லை. உள்ளே எல்லாம் துருவாகியிருந்தது. திருகத் திருகச் செந்தூள்தான் மடியில் விழுந்தது. கண்ணாடி இறங்கவில்லை, வலது கதவிலும் கைப்பிடி இல்லை, முன்னால் தேக்குப் பலகை. கூப்பிட்டார். தெருவில் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் கூப்பிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தார்.

தொம், தொம் என்ற சத்தத்தை மளிகைக்காரர் கேட்டார். இரண்டு நாளாகக் காணோமே என்று நினைத்தது திரும்பி வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு தராசைப் பார்த்தார். தெருவில் போனவர்கள் போனார்கள். மனைவி சமையலை முடித்தாள், தனியாகச் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள், காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். பொழுது சாய்ந்தபோது வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

மூத்தவர் வேர்வையில் நனைந்திருந்தார். முதுகு வளைந்திருந்தது. "உனக்குக் கேட்கலையா?"

"கேட்டுச்சுங்க. எப்பவும் வர்ற சத்தம்தானேன்னு இருந்துட்டேன்."

அன்று இரவு அவர் வீட்டுக்குள் தம் கட்டிலில்தான் படுத்தார். காலையில் கதவில் ஒரு பாதம் எழுந்திருந்தது: நீளமானது, ஆண் பாதம், கட்டைவிரல் சற்று விலகியது. அதற்கடுத்த காலையிலும் எழுந்தது. டிங்கர் வந்து கதவைப் பார்த்தார், மூத்தவரின் வெறுங்காலைப் பார்த்தார், பிறகு பட்டியைத் தகரத் துண்டில் கொட்டிக் குழைக்கத் தொடங்கினார்.

"இனிமே கொஞ்சம் அதிகமாப் பிடிக்கும்ங்க ஐயா. கால் பெரிசு."

"பிடிக்கட்டும்," என்றார் மூத்தவர்.

மறுவருடம் வலது தூணையும் தள்ளிக் கட்டினார்கள்.