நீலக் கோடு

சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவள் தன் கணவரின் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தாள். காலியாக இருந்தது.

“நாடா எங்கடி?”

“எதுக்கும்மா இப்ப?” என்றாள் மகள். “போற இடத்துல அப்பா எதை அளக்கப் போறார்?”

“அது இல்லாம இவர் வாசப்படி தாண்டினதே இல்ல. கொண்டா.”

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அலமாரியிலிருந்து இரும்பு அளவு நாடாவை எடுத்து வந்து போட்டாள். பாக்கெட் ஒரு பக்கமாகத் தொங்கிய பிறகுதான் மனுஷர் மனுஷராகத் தெரிந்தார்.

வெள்ளத் தடுப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆறு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். தெருவில் அவருக்குப் பெயரே ‘அபாயம்’. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். “இன்னும் எச்சரிக்கைதான், அபாயம் ஆகல” என்று அவரும் கூசாமல் பதில் சொல்வார். வீட்டிலும் அதே பாஷைதான். மகள் கைக்குழந்தையாக வீறிட்டபோதெல்லாம் “உபரி நீர் திறந்தாச்சு” என்பார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் கதவோரம் நின்று, “மட்டம் ஏறுதா, இறங்குதா?” என்று கேட்பார். கேட்டதும் இறங்கிவிடும். இத்தனை வருஷத்தையும் அப்படித்தான் ஓட்டினார்.

நேற்றுக் காலை நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். நிறைந்த வயசு, வலியில்லாத சாவு. அதில் அவளுக்குக் குறையில்லை. தன் தம்பி வருவானா மாட்டானா என்பதுதான் மனதைப் போட்டு அரித்தது.

ஆற்றோரத் தாழ்நிலத்தில் அவன் வீடு கட்டியதிலிருந்து வந்த வினை அது. “வெள்ளச் சமவெளிப்பா அது. ஆறு எப்பவாவது வந்து காலை நீட்டிப் படுக்கிற இடம்” என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“நூறு வருஷ வெள்ளம் நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே வந்துட்டுப் போயிடுச்சு அத்தான். இனிமே என் பேரன் காலத்துலதான்.”

“நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அர்த்தம் இல்லப்பா. எந்த வருஷமா இருந்தாலும் வர்றதுக்கு நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. போன வருஷம் வந்துட்டோமேன்னு ஆறு லீவு எடுத்துக்காது.”

வேறு ஆளாயிருந்தால் அதோடு விட்டிருப்பார். புது வீட்டுக்குக் குடிபோன அன்று வந்தவர்களெல்லாம் பரிசு கொடுக்க, இவர் நாடாவை விரித்து வாசல் சுவரை அளந்தார். இடுப்புயரத்தில் நீலப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். “தண்ணி இதுவரைக்கும் வரும்” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். தம்பி அன்றோடு பேச்சை நிறுத்தினான். கோட்டின் மேல் வெள்ளை அடித்தான். எத்தனை முறை அடித்தாலும் அது மங்கலாகத் தலையைக் காட்டியது. அடிக்கிற ஒவ்வொரு முறையும் கோபமும் புதுசானது.

நேற்று சாய்வதற்குச் சற்று முன் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டு இவர் சொன்னது அதுதான்: “உன் தம்பிய ஃபிரிட்ஜை மாடிக்கு ஏத்தச் சொல்லு. பிள்ளைங்கள வேற எங்கயாவது அனுப்பச் சொல்லு.” அவள் தம்பியின் போனுக்கு அந்தச் செய்தியை அனுப்பினாள். பிறகு சாவுச் செய்தியையும் அனுப்பினாள். இரண்டுக்கும் பதில் இல்லை.

“கிளம்பலாங்களா?” வண்டிக்காரர் இரண்டாம் முறையாக எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் இருங்க.”

அப்போதுதான் அவன் வந்தான். கையில் செருப்பு, இடுப்புவரை ஈரம். கால்சட்டை முழுக்கச் சேறு.

“ஃபிரிட்ஜை நேத்தே ஏத்திட்டேன்க்கா” என்றான். அதைத்தான் முதலில் சொன்னான். “பசங்க மாமியார் வீட்டுல இருக்காங்க. போன் தண்ணில போயிடுச்சு. அக்கம்பக்கம் சொல்லித்தான் தெரிஞ்சுது.”

அவள் அவன் தோளைப் பிடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

அவன் அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தண்ணி வந்துடுச்சு அத்தான். ஆனா உங்க கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழயே நின்னுடுச்சு. கணக்கு தப்பு.”

மகள்தான் பேசினாள்.

“உச்சம் இன்னும் வரல மாமா. மேல பெய்ஞ்ச தண்ணி சாயங்காலம்தான் இங்க வந்து சேரும். இந்த அவசரத்துக்கு அப்பா உங்கள ஒரு மணி நேரம் நிக்க வெச்சு பாடம் எடுத்திருப்பார்.”

அவன் சிரித்துவிட்டான். மகளும் சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வயிற்றிலிருந்து குலுங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சாவு வீட்டில் இதென்ன கூத்து என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனை அழவிட்டாள். நெஞ்சு லேசாக இருந்தது.

மாற்றிக்கொள்ள அவருடைய கால்சட்டையைக் கொடுத்தாள். அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது.

“வெள்ளத்துக்குன்னே தைச்சிருக்கார்” என்று சொல்லிவிட்டு அவன் தலைமாட்டுப் பக்கம் போய்த் தோள் கொடுத்தான்.

எல்லாம் முடிந்து திரும்பியதும் வீட்டைப் பார்க்கப் போனான். விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது.

“எதிர் வீட்டு மாடிப்படில நின்னு பேசறேன்க்கா. அவங்க போன்.”

பின்னால் தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

“சொல்லுடா.”

“தொட்டுடுச்சு.”

“ஒட்டியா, மேலயா?”

“ஒட்டி. அப்படியே நிக்குது.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“தண்ணி வடிஞ்சதும் வெள்ளை அடிக்கணும்” என்றான் தம்பி. “அந்த நீலம் மிச்சம் இருக்காக்கா?”

அவள் மாடிப்படிக்கு அடியில் தேடினாள். சின்ன டப்பா, மூடி துருவேறி இறுகியிருந்தது. தரையில் உட்கார்ந்து கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். மேலே தடிப்பாக ஆடை கட்டியிருந்தது. விரலால் அதை ஒதுக்கிப் பார்த்தாள். உள்ளே நீலம் ஈரமாகவே இருந்தது.