வெர்லின் வாசலில் நிற்காத பஸ்

பஸ்ஸில் ஏறினால் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் குட்மார்னிங் சொல்ல வேண்டும், நீச்சல் உடையோடு கடைத்தெருப் பக்கம் போகக் கூடாது என்று தன் விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாய் ஓயாமல் பாடம் எடுப்பவள் வெர்லின். அவளேதான் போன வாரம் கத்பர்ட்டின் பஸ்ஸில் வாயைத் திறக்காமல் ஏறினாள். கடைசியில் திறந்தது, "அந்தப் பாட்டைக் குறை" என்று அவனை அதட்டத்தான். அமெரிக்காவில், புரூக்ளினில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தால் பிறந்த தீவான கிரெனடாவின் பாட்டுகூடக் காதில் குத்தும் போலிருக்கிறது.

அன்றிலிருந்து கத்பர்ட் அவள் வாசலில் நிறுத்துவதில்லை. அந்த மேட்டுச் சாலையில் ஓடுவதே அவன் பஸ் ஒன்றுதான். டாக்ஸி வாடகையைக் கேட்டால் அவளிடம் தங்குகிற ஆட்கள் ஓடியே போவார்கள். பஸ் நிற்காவிட்டால் விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

நேற்றுக் காலை கனடாத் தம்பதிக்கு விமானம். வெர்லின் நடுரோட்டில் போய் நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"சாகணும்னா கடல் இருக்கு, அங்க போ!" என்று கத்பர்ட் கத்தினான்.

"ரெண்டு பேர் ஏறணும். கதவைத் திற."

"யார்கிட்ட பேசுற? பஸ்ஸுகிட்டயா, என்கிட்டயா?"

அதற்குள் கனடாக்காரர்கள் தலையை நீட்டி, "குட்மார்னிங் எல்லாருக்கும்!" என்றார்கள். பஸ்ஸே திருப்பிச் சொன்னது. ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், பெட்டிகளை மடியில் வாங்கிக்கொண்டார்கள்.

"பனியில பொறந்ததுங்களுக்குத் தெரியுது," என்றாள் மீன்காரி மெர்ல். "நம்ம தெருவுல மூக்கு ஒழுகத் திரிஞ்சவளுக்குத் தெரியல."

மத்தியானம் புதிதாக நான்கு பேர் வருகிறார்கள். அதை நினைத்து வெர்லின் முள்ளை விழுங்குவது போல ரோஷத்தை விழுங்கினாள்.

"குட்மார்னிங், கத்பர்ட்."

"எனக்கு மட்டுமா? இவங்கல்லாம் என்ன, ஜாதிக்காய் மூட்டையா?"

மெர்ல் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முன்னே சாய்ந்தாள். அதுதான் வெர்லினுக்குப் பொறுக்கவில்லை.

"உன் மூஞ்சிக்கெல்லாம் சொல்ல முடியாதுடி!"

"சரி தாயி," என்று கத்பர்ட் கியரைப் போட்டான்.

மத்தியானம் அவள் தலை வாரி, ஆளுக்கொரு டம்ளர் சர்க்கரை போட்ட புளிச்சாறு கலந்துவைத்து, வாசலில் நின்றாள். வளைவில் பஸ் திரும்பியது. ஜன்னலில் வெயிலில் சிவந்த நான்கு முகங்கள். ஒருவர் வீட்டைக் காட்டிக் கையைக்கூட ஆட்டினார். இந்த ஊரில் இறங்க வேண்டுமானால் உள்ளிருந்தபடியே பஸ் கூரையைத் தட்ட வேண்டும். பாவம், அவர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? சாலையில் இன்னும் மேலே, கத்பர்ட்டின் தங்கை வீட்டில் இரண்டு அறை காலியாகக் கிடப்பது ஊரறிந்த சங்கதி.

பஸ் நிறைய உள்ளூர் ஆட்கள். ஒரு கையும் கூரைக்குப் போகவில்லை.