பலாமரத்துக்கு வாழ்க்கைப்பட்ட கார்

1980ஆம் வருடம் தை மாதம் ஜவ்வாது மலையில், மேல்காட்டுமேடு என்ற சிற்றூரில், ஒரு காருக்குக் கல்யாணம் நடந்தது. பெண், கெங்கம்மாள் வீட்டுக் கொல்லையில் நின்ற பலாமரம். மாப்பிள்ளை வெளிநாட்டுப் பிறப்பு, கொஞ்சம் வயதானவர், இடப்பக்கக் கதவு சரியாகச் சாத்தாது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் காரை மலைக்குக் கொண்டுவந்தவர் ஒரு மரக் கான்ட்ராக்டர். பெட்ரோல் தீர்ந்த இடத்தில் அதை விட்டுவிட்டு பஸ் பிடிக்க இறங்கிப் போனவர் திரும்பவே இல்லை. கெங்கம்மாளின் மருமகன் சின்னராசு அதைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தினான். அவனுக்கென்று கார் ஆசை எதுவும் கிடையாது. அவன் மனைவி பூங்கோதையின் முதல் பிள்ளை, டோலியில் போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியில் ஒரு புளியமரத்தடியில் பிறந்து, அழாமலே போய்விட்டது. இரண்டாவதும் அதே மரத்தடியில் போயிற்று. இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையையும் டோலியில் ஏற்றுவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான்.

மலையில் பெட்ரோல் கிடையாது. சாராயம் இருந்தது. கெங்கம்மாள் பலாப்பழத்தில் காய்ச்சுவாள். கண்ணமங்கலத்திலிருந்து வந்த மெக்கானிக் காசி பானட்டைத் திறந்து, நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்த ஓர் இரும்பைக் காட்டி, இதுதான் டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அடைத்து ஊதும் என்றான். ஊர் அதற்கு நத்தை என்றே பேர் வைத்துவிட்டது. கார் பெட்ரோலைப் போல் ஒன்றரைப் பங்கு சாராயம் குடிக்கும் என்பதால் காசி கார்புரேட்டரின் துளையைப் பெரிதாக்கினான். ரப்பர் குழாய்கள் சாராயத்தில் ஊறிக் கொழகொழத்துப் போனதும், காய்ச்சுகிற பானையின் செப்புக் குழாயையே வெட்டிப் பொருத்தினான். தண்ணீர் கலந்த சரக்கைக் கார் துப்பியது, அதனால் கெங்கம்மாள் திரும்பத் திரும்ப வடித்தாள். குளிர்ந்த காலையில் வெந்நீர் ஊற்றினால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் நத்தை விசிலடிக்க, பெட்ரோல் கார்கள் பொறாமைப்படும்படி ஓடியது.

ஆனால் குடித்தால் யாராக இருந்தாலும் குடிகாரன்தானே. கார் ஒரு வீட்டு வாசலையும் விடாமல் நின்று, ஹாரன் அடித்து நலம் விசாரித்தது. சின்னராசுவின் பங்காளி வீட்டெதிரே நின்று, விளக்கைப் போட்டு முறைத்து, அவன் சார்பில் வரப்புத் தகராறு செய்தது. முதல் தடவை போளூர் போய்ச்சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. டோலியே தேவலை. அது மதுவிலக்குக் காலம். போலீஸ்காரர்கள் வந்து மோந்து பார்த்து, குடித்தது கார்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதற்கு செக்‌ஷன் இல்லாததால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

சின்னராசு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். வழி சொன்னவள் பூங்கோதை.

“ஏன்யா, நீ குடிச்சிட்டு வர்றப்போ எங்கம்மா எதிர்ல வந்தா இன்னா பண்ணுவே?”

“இன்னா பண்றது, துண்ட இடுப்புல கட்டிக்கினு ஓரமா போய்டுவேன். வாயத் தொறப்பனா?”

“அப்போ இதுக்கும் ஒரு மாமியா வேணும்யா.”

ஊர்க்கவுண்டர் யோசித்துப் பார்த்தார். கெங்கம்மாளுக்கு வேறு பெண் இல்லை. ஆனால் அந்தப் பலாமரத்தைக் கொட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் அவள்தான். பெண் என்றால் அதுவும் பெண்தான் என்று தீர்ப்புச் சொல்லி, மஞ்சள் கயிற்றை பம்பரில் தொட்டு மரத்தில் கட்டினார். சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அன்றிலிருந்து கெங்கம்மாள் எதிரே வந்தால் கார் விளக்கைத் தணித்துக்கொண்டது.

வைகாசியில் ஒரு பிற்பகல் வலி கண்டது. பூங்கோதையைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். அதுவரை காரில் கால் வைக்காத கெங்கம்மாள் முன்சீட்டில் ஏறி, முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

“மாப்ள, உங்க மச்சினி வலியில துடிக்குது. யார் வூட்டு வாசல்லயும் நிக்காதீங்க. நேரா போங்க.”

கார் வாயே திறக்கவில்லை. வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, பங்காளி வீடு உட்பட. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது தள்ளாடக் கூடாது என்று அது எடுத்துக்கொண்ட கவனத்தில் சக்கரங்கள் தரையில் படவேயில்லை. ரோட்டுக்கு ஒரு சாண் மேலேயே போயிற்று. புளியமரம் வந்தபோது பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது போளூர் ரயில்வே கேட் தெரிந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத அழுகை ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது. அதைக் கேட்டுப் பூங்கோதையும் அழுதாள், இரண்டு பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்திருந்ததையும் சேர்த்து.

ஆனியில் பலாமரம் பழுத்தது. முதல் பழத்தை அறுத்தபோது, சுளைகளுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் ஓர் இரும்பு நத்தை இருந்தது. சூடாக இருந்தது, மெல்ல விசிலடித்தது. கெங்கம்மாள் எண்ணெய் தொட்டு அதன் மேலிருந்த பலாப்பாலைத் துடைத்து, பழஞ்சீலையில் சுற்றி, தூளியில் பேத்தியின் பக்கத்தில் கிடத்தினாள்.

“அக்காவும் தங்கச்சியும் ஒண்ணா தூங்கட்டும்” என்றாள்.

ஆடி பிறந்ததும் தூளி கொஞ்சம் கனத்தது. சின்னராசு கயிற்றை மாற்றிக் கட்டினான்.